தலைமன்னார் கோச்சி நமக்கும் உரியது



கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் எங்கள் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் சிலரும், பெற்றோரும், சங்கத்தின் இளைஞர் அணியினரும் பிள்ளைகளுமாகத் தலைமன்னார் போய் வந்தோம். நம் பூட்டன் பூட்டி வந்திறங்கிய கரையைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. கொழுந்து எடுக்கும் பெண்கள் சிலர் இரண்டு நாள் பேரை விட்டுவிட்டு வந்தார்கள். ஓய்வுபெற்ற பாட்டி ஒருவரும் பிடிவாதமாக எங்களோடு புறப்பட்டார்.

தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஆட்டோ. டவுனிலிருந்து கோச்சி. வழியில் ஒரு சந்திப்பில் இறங்கி வடக்கே போகும் கோச்சியைப் பிடிக்க வேண்டும். எங்கள் கோச்சி ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாகத்தான் பிந்தியது. ஆனால் வடக்குக் கோச்சி போய்விட்டது. அதற்குப் பிறகு பஸ், இன்னொரு பஸ், அதற்கும் மேல் இன்னொரு பஸ். மன்னாரில் இறங்கி மறுபடியும் ஒரு பஸ். தலைமன்னார் இறங்குதுறைக்குப் போய்ச் சேரும்போது பிள்ளைகள் தூங்கி விழுந்தார்கள். ஆளுக்கு ஐந்து டிக்கட் வாங்கியிருந்தோம். ஏறாத கோச்சிக்கு வாங்கிய டிக்கட் ஆறாவதாகப் பைக்குள் கிடந்தது.

யாரைக் குறை சொல்வது? முதல் கோச்சி இரண்டாவது கோச்சிக்குப் பொறுப்பில்லை. கோச்சிக்குப் பஸ் பொறுப்பில்லை. ஒவ்வொன்றும் தன் தூரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு இறக்கிவிடுகிறது. இடையில் விழுகிற நட்டம் முழுவதும் பயணியின் தலையில் விழுகிறது.

இறங்குதுறையில் நின்றபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எங்களிடம் கேட்டாள்: "நம்ம ஆளுங்க இங்கதானே வந்து இறங்குனாங்க? அப்ப நம்ம இங்க வர்றதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?" இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்ல முயலும் பதில்.

வந்த வழி

கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். 2023இல் மலையகத்துக்கு 200 ஆண்டு நிறைந்தபோது, ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். வாகனத்தில் சில மணித்தியாலத்தில் கடந்து போகிற இடங்களை நம்மவர்கள் எப்படி நடந்தார்கள் என்பது அப்போதுதான் காலுக்குத் தெரிந்தது.

1914இல் பாம்பன் பாலம் திறந்தது. அதே ஆண்டில் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை 106 கிலோமீட்டர் தண்டவாளம் கப்பலுக்காகவே போடப்பட்டது. சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே கப்பல், தலைமன்னார் இறங்குதுறையில் மறுபடி ரயில், காலையில் கொழும்பு கோட்டை. இதுதான் போட் மெயில். இரண்டு நாட்டு ரயில்வேக்கும் இடையிலே கடல் இருந்தாலும் எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கட் கொழும்பு வரை செல்லுபடியாகும். கம்பியூட்டர் இல்லாத காலத்தில், பேரேட்டில் கணக்கு எழுதி இரண்டு நிர்வாகங்களும் காசைப் பங்கிட்டுக்கொண்டன.

அதற்கு முன்பே நமக்கென்று ஒரு தனி டிக்கட் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகர டிக்கட் அது. ஊரில் ஆள் சேர்க்கும் கங்காணி, தோட்டத்தின் இலக்கம் அடித்த தகர வில்லையை ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். அதைக் காட்டினால் முகாமில் சோறு கிடைக்கும். கப்பலில் இடம், ரயிலில் இடம், தோட்டம் வரை எங்கும் காசு கேட்க மாட்டார்கள். அந்தச் செலவு தோட்டத்தின் பேரில் எழுதப்பட்டது. தோட்டம் அதைத் தொழிலாளியின் கடனாக எழுதியது. வந்து சேர்ந்த முதல் நாளே நம் முன்னோர் கடன்காரர்களாகத்தான் லயத்துக்குள் நுழைந்தார்கள்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து தோட்டம் வரை, ரயிலும் கப்பலும் சேர்ந்த ஒரே டிக்கட் என்பது நடக்காத காரியம் அல்ல. நூறு வருடத்துக்கு முன்னால், நம்மைக் கொண்டுவந்து வேலை வாங்குவதற்காக அதைச் செய்து காட்டினார்கள். முதலாளிக்குத் தேவைப்பட்டபோது முடிந்தது, தொழிலாளி கேட்டால் முடியாது என்கிறார்கள்.

போன வழி

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நம்மவர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றும், 3 லட்சம் பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்றும், மீதியைப் பிறகு பேசுவது என்றும் இரண்டு அரசுகளும் முடிவு செய்தன. நம்மை யாரும் கேட்கவில்லை. எட்டு வாரம் முடிவதற்குள், டிசம்பர் 22ஆம் திகதி இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குத் திரும்பிவிடப்பட்டது.

அந்தக் கப்பலுக்கு ஆள் ஏற்றிப்போன கோச்சிக்கு நம் மக்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. பதுளை, நானுஓயா, ஹட்டன் ஸ்டேசன்களில் பாதிக் குடும்பம் பெட்டிக்குள்ளும் மீதிக் குடும்பம் மேடையிலுமாக நின்று அழுததை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அப்படிப் போனவர்களின் பிள்ளைகள் இன்று நீலகிரியிலும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இருக்கிறார்கள்.

1984இல் போர் காரணமாகக் கப்பல் நின்றது. 1990இல் தலைமன்னார் கோச்சியும் நின்றது. பாலமும் தண்டவாளமும் ஸ்டேசன்களும் அழிந்தன.

எங்களோடு வந்த பாட்டியின் தங்கை 70களில் கோத்தகிரிக்குப் போனவர். பாட்டி இறங்குதுறைப் பக்கம் மணலில் உட்கார்ந்து வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் ஹட்டன் ஸ்டேசன்லயே நின்னுட்டேன். அவ இவ்வளவு தூரம் வந்துதான் கப்பல் ஏறியிருக்கா. எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது." இரண்டு பேரும் ஐம்பது வருடமாகப் பார்த்துக்கொள்ளவில்லை. எப்போதாவது போனில் பேசுவார்கள். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

குடும்பங்கள் பிரிந்தது இந்தியா, இலங்கை என்று மட்டுமல்ல. 1958, 1977, 1983 வன்செயல்களில் அடிபட்ட நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வடக்கே போனார்கள். வவுனியா, செட்டிகுளம், மன்னார்ப் பகுதிகளில் அவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மலையகம், வன்னி, தமிழ்நாடு என்று மூன்றாகப் பிரிந்த குடும்பங்களுக்கு நடுவில்தான் இந்தத் தலைமன்னார்ப் பாதை கிடக்கிறது. ஒரு சாவு வீட்டுக்கு, ஒரு சடங்குக்கு, மடு மாதா திருவிழாவுக்கு, திருக்கேதீஸ்வரத்துக்கு என்று நம்மவர்கள் போகிற பாதையும் இதுதான்.

தண்டவாளம் வந்தது, தொடர்பு வரவில்லை

போருக்குப் பிறகு இந்தியக் கடனுதவியில் பாதை திருப்பிப் போடப்பட்டது. மதவாச்சி – மடு றோட் பகுதி 2013 மே மாதம் திறந்தது. மடு றோட்டிலிருந்து தலைமன்னார் வரையான பகுதியை 2015 மார்ச் 14இல் இந்தியப் பிரதமர் மோடி வந்து கொடி அசைத்துத் தொடக்கி வைத்தார். 25 வருடத்துக்குப் பிறகு முருங்கனுக்கும் பேசாலைக்கும் கோச்சிச் சத்தம் கேட்டது. அதற்காகப் பாடுபட்டவர்கள் எல்லோருக்கும் நன்றி.

ஆனால் அந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டதோ அந்தக் கப்பல் இன்னும் வரவில்லை. 2025 ஏப்ரல் 6ஆம் திகதியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அனுராதபுரத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் பிரதமர் மோடியும் சேர்ந்து திருத்தப்பட்ட மாஹோ – ஓமந்தை ரயில் பாதையைத் திறந்தார்கள். அதே நாள் மோடி ஆகாய வழியாக இராமேஸ்வரம் போய்ப் புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார். இந்தக் கரையிலும் தண்டவாளம் புதியது, அந்தக் கரையிலும் பாலம் புதியது. தலைவர்கள் ஒரே நாளில் இரண்டையும் திறந்துவிட்டுப் போகிறார்கள். இடையில் உள்ள கடலைத் தாண்ட நம் பாட்டிக்குத்தான் வழியில்லை. சென்னை – இராமேஸ்வரம் வண்டியைத் தமிழ்நாட்டு மக்கள் இன்றும் போட் மெயில் என்றே சொல்கிறார்கள். மெயில் இருக்கிறது, போட் இல்லை.

2024 டிசம்பரில் ஜனாதிபதி டெல்லி போனபோது வெளியிட்ட கூட்டறிக்கையில் இராமேஸ்வரம் – தலைமன்னார் பயணிகள் கப்பலை மறுபடி தொடங்க இரு நாட்டு அதிகாரிகளும் வேலை செய்வார்கள் என்று எழுதப்பட்டது. அதற்கு முன்பும் இப்படி எழுதப்பட்டதுண்டு. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பல் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அது நல்ல காரியம். ஆனால் ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ காங்கேசன்துறைக்குப் போய், அங்கிருந்து நாகபட்டினம் போய், பிறகு நீலகிரிக்குப் போவது தோட்டத் தொழிலாளிக்கு எத்தனை நாள் பேர் என்று கணக்குப் பாருங்கள்.

ஏன் ஒரே டிக்கட்?

"கோச்சி இருக்கிறது, பஸ் இருக்கிறது, தனித்தனியாக டிக்கட் வாங்கினால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். மூன்று காரணம் சொல்கிறோம்.

முதலாவது காசு. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறியவுடன் ஆகக் குறைந்த கட்டணத்திலிருந்து கணக்குத் தொடங்குகிறது. நாலு பஸ் மாறினால் நாலு தரம் தொடங்குகிறது. நேர் பஸ்ஸோ நேர்க் கோச்சியோ உள்ளவருக்கு அது ஒரு தரம்தான். ஆகவே தூரத்தில், மூலையில் இருப்பவர்தான் கூடக் கொடுக்கிறார். 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி நம் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு பயணம் போனால், முதலில் போவது ஆட்டோக் காசு. ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள்ளேயே பாதி நாள் கூலி போய்விடுகிற தோட்டங்கள் உண்டு.

இரண்டாவது பொறுப்பு. டிக்கட் ஒன்றாக இருந்தால், ஒரு வண்டி பிந்தி அடுத்தது தவறினால், அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவது டிக்கட் விற்றவரின் கடமை. டிக்கட் தனித்தனியானால் நட்டம் நம்முடையது. ஒரே டிக்கட் வந்தால்தான் நேர அட்டவணையையும் ஒன்றுக்கொன்று பொருத்தி வைக்க வேண்டிய தேவை நிர்வாகத்துக்கு வரும். இல்லாவிட்டால் சந்திப்பில் யார் தவித்தாலும் யாருக்கும் கணக்கு இல்லை.

மூன்றாவது மரியாதை. எழுத்து வாசிக்கத் தெரியாத பெரியவர்கள், கைக்குழந்தையோடு போகிற தாய்மார், சிங்களம் பேசத் தெரியாதவர்கள் ஒவ்வொரு கவுண்டரிலும் நின்று கெஞ்ச வேண்டியதில்லை.

இது பணக்கார நாட்டு ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். சுவிற்சர்லாந்தில் ரயில், தபால் பஸ், ஏரிக் கப்பல் மூன்றுக்கும் ஒரே டிக்கட் என்பது பழைய வழக்கம். ஜெர்மனியில் 2023 மேயிலிருந்து மாதம் ஒரு தொகை கட்டினால் நாடு முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம். அவர்களை விடுங்கள். பக்கத்துச் சென்னையில் 2025 செப்டெம்பரிலிருந்து மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே செயலியில் டிக்கட் எடுக்கலாம். நம் நாட்டில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரே அமைச்சுத்தான். மேசை ஒன்றாக இருந்தும் டிக்கட் ஒன்றாக இல்லை.

எதிர்ப்புகளுக்குப் பதில்

"ரயில்வே ஏற்கெனவே நட்டத்தில் ஓடுகிறது" என்பார்கள். வெற்றுப் பெட்டியோடு ஓடுகிற கோச்சி கூட நட்டம். சந்திப்பில் தவறவிட்டு பஸ்ஸுக்குப் போன எங்கள் கூட்டத்தை ஏற்றிப் போயிருந்தால் வடக்குக் கோச்சிக்கு அன்று ஒரு பெட்டி நிறைந்திருக்கும்.

"கடலுக்கு மேல் பாலமே கட்டப் போகிறார்கள், கப்பல் எதற்கு?" என்பார்கள். இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். இன்றுவரை அங்கே ரயில் போகவில்லை. கடலுக்கு மேல் பாலம் வரும்வரை பாட்டி இருக்க மாட்டார். கப்பலுக்குத் தேவை ஒரு இறங்குதுறை, ஒரு சுங்கக் கட்டடம், ஒரு ஒப்பந்தம்.

மன்னார்ச் சகோதரர்களின் கேள்வி இவற்றைவிடப் பெரியது. இழுவைமடிப் படகுகளால் தொழிலையும் வலையையும் இழந்தவர்கள் அவர்கள். காற்றாலைக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராக 2025 ஆகஸ்டில் தெருவில் இறங்கினார்கள். தங்களைக் கேட்காமல் தங்கள் தீவில் எதுவும் செய்யக் கூடாது என்பது அவர்களின் கோரிக்கை. 1964இல் நம்மைக் கேட்காமல் நம் தலையெழுத்தை எழுதியவர்களை அனுபவித்த நாம் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். கப்பல் எந்தப் பாதையில், எந்த நேரத்தில் போகும், வலை போடும் இடங்களுக்கு என்ன பாதுகாப்பு என்பதை மீனவர் சங்கங்களோடு பேசி முடிவு செய்த பிறகே கப்பல் ஓட வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று சொல்கிற பாதையில் நமக்குப் பயணம் வேண்டாம்.

நம் கோரிக்கைகள்

1. மலையகக் கோச்சிகளும் தலைமன்னார்க் கோச்சியும் பொல்கஹவெல சந்திப்பில் ஒன்றையொன்று பிடிக்கும்படி அட்டவணை போட வேண்டும். ஒன்று பிந்தினால் மற்றது காத்திருக்கும் நேரம் எவ்வளவு என்று எழுத்தில் இருக்க வேண்டும். 2024 தொடக்கத்தில் வடக்குப் பாதை வேலைக்கு மூடியதுபோல் இனி மூட நேர்ந்தால், அதே டிக்கட்டில் மாற்று பஸ் விட வேண்டும்.

2. பதுளை, நானுஓயா, ஹட்டன், மாத்தளை ஸ்டேசன்களிலிருந்து மன்னார், தலைமன்னார் வரை கோச்சியும் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸும் சேர்ந்த ஒரே டிக்கட் வேண்டும். தூரம் முழுவதையும் ஒரே பயணமாகக் கணக்கிட வேண்டும். தோட்டத்திலிருந்து ஸ்டேசனுக்கு வரும் பஸ்ஸும் அதில் சேர வேண்டும்.

3. இராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பல் தொடங்கும்போது அது உல்லாசப் பயணிகளுக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. சாதாரண வகுப்புக் கட்டணம் இருக்க வேண்டும். பழைய போட் மெயில் போல் ரயிலும் கப்பலும் ஒரே டிக்கட்டில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தால் பிரிந்த குடும்பங்களுக்கு வீசாக் கட்டணத்தில் இரண்டு அரசுகளும் சலுகை தர வேண்டும்.

4. முன்பதிவுப் படிவம், அறிவிப்பு, அட்டவணை எல்லாம் தமிழிலும் இருக்க வேண்டும். செயலி மட்டும் போதாது, கவுண்டரும் வேண்டும். எல்லா லயத்திலும் ஸ்மார்ட் போன் இல்லை.

5. தோட்டப் பாடசாலைக் கல்விச் சுற்றுலாவுக்கு அரைக் கட்டணம் தர வேண்டும்.

இவற்றை அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னதாகப் போக்குவரத்து அமைச்சுக்கும் மலையக, மன்னார், வன்னிப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் பெயரில் அனுப்பப் போகிறோம். வெறும் கடிதமாக அனுப்பினால் பைலில் போட்டுவிடுவார்கள். ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறோம்.

வடக்கே சொந்தக்காரர் வீட்டுக்கோ, மடுவுக்கோ, மன்னாருக்கோ போய்வந்தவர்கள் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தத் தோட்டம், எத்தனை பேர், எத்தனை வண்டி மாறினீர்கள், எத்தனை டிக்கட், மொத்தம் எவ்வளவு காசு, எத்தனை நாள் பேர் போனது. பழைய டிக்கட் இருந்தால் அதையும் ஒட்டுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதட்டும். எங்கள் பாடசாலையில் அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை முதல் தாளை எழுதிக் கொடுத்துவிட்டாள். பாட்டியின் தாளையும் அவளே எழுதினாள். போனதற்கான செலவை எழுதிவிட்டு, அதன் கீழே, "தங்கச்சியைப் பார்க்கப் போக எவ்வளவு ஆகும்?" என்று பாட்டி கேட்டதையும் எழுதியிருக்கிறாள்.

அதற்குப் பதில் சொல்லும் கவுண்டர் இன்று எந்த ஸ்டேசனிலும் இல்லை. அது வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். தாள்களை இந்த மாத முடிவுக்குள் உங்கள் தோட்டக் கமிட்டித் தலைவரிடமோ மாதர் அணித் தலைவியிடமோ கொடுங்கள்.